வாப்பா பெயரில் ஒரு பூங்கா

ஏறாவூர்
14.8.1938

அன்பும் மரியாதையும் உள்ள பதியுதீன் காக்கா அவர்களுக்கு, தங்கை ஆசியா உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. நீங்களும் மதினியும் பிள்ளைகளும் கொழும்பில் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். மட்டக்களப்பு வீட்டை இடித்த நாளிலிருந்து நானும் மகள் சுலைஹாவும் இங்கே சின்னும்மா வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறோம். மழை பெய்தால் ஒழுகும், மற்றபடி குறையில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. பூங்காத் திறப்புவிழாவுக்கு நாங்களும் கட்டாயம் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். போன கிழமை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வண்டிக்குள் இருந்தபடியே பூங்காவைப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருக்கிறது. கடைத்தெருவில் நின்றால் வாவி தெரிகிறது. மீன் தண்ணீர் தேங்கிக் கிடந்த ஒழுங்கையை அகலமாக்கிக் கல் பதித்திருக்கிறார்கள். என் அடுப்படி இருந்த இடத்தில் பூப்பாத்தி. வாசலில் ஒரு கல் நட்டு, தருமமாகக் கொடுத்த காணி என்று வாப்பாவின் பெயரை வெட்டியிருக்கிறார்களாம்.

வாப்பா அந்த வீட்டை எனக்குக் கொடுத்தார் காக்கா. பட்டணத்துக்குக் கொடுக்கவில்லை. என் கலியாணத்தன்று சபையில் வாயால் சொன்னார். நமக்குள் பெண்ணுக்குத்தானே வீடு, அதற்கு உறுதிப் பத்திரம் எதற்கு என்று எல்லாரும் இருந்துவிட்டோம். காணி வாங்கியபோது எழுதிய உறுதி, மூத்த மகன் என்று உங்கள் பெயரிலேயே கிடந்தது. பட்டணத்தை அழகாக்க வந்த கமிட்டிக்காரர் அதைப் பார்த்து உங்களைத் தேடி வந்தார்கள். வாப்பாவின் பெயரை வைப்போம் என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். நெய் என்னுடையது. எனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். சுலைஹாவின் வாப்பா உயிரோடு இருந்திருந்தால் அவர்களை வாசலிலேயே மறித்திருப்பார்.

மீராசாஹிப் வீட்டார் சுலைஹாவின் சம்பந்தத்தை முறித்துவிட்டார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பதுதானே நம் வழக்கம். “மாப்பிள்ளைய எங்க கொண்டு வைக்கிற, பூங்கா வாங்கிலயா?” என்று அந்தத் தாய் கேட்டாளாம். அந்த மாப்பிள்ளைப் பொடியன் இப்போது பின்னேரங்களில் அங்கே போட்ட வாங்கில்தான் உட்கார்ந்து காற்று வாங்குகிறானாம். அதைக் கேட்ட நாள் சுலைஹா சோறு தின்னவில்லை.

விழாவுக்கு நாங்கள் வரமாட்டோம். அத்தனை ஆண்கள் நடுவில் நாங்கள் எங்கே போய் இருப்பது? நீங்கள் வாருங்கள். மாலை போடுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஏறாவூரில் ஒரு துண்டுக் காணியில் இரண்டு அறை கட்டி, சுலைஹாவின் பெயரில் உறுதி எழுதிக் கொடுங்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம்.

முடியாது என்றால் அதற்குப் பதில் எழுதவும் வேண்டாம். உங்கள் மூன்று பெண்மக்களுக்கும் அல்லாஹ் நல்ல வீடுகளைக் கொடுப்பானாக. அவர்களுக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லாதது அவனுடைய கிருபை. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
ஆசியா உம்மா