சேர்மனுக்குத் தெரியாத கான்ட்ராக்டர்

ஆகஸ்ட் 18, திங்கள்
அனந்தபுரம் பக்கத்து ஏரிக்கு இன்றும் போய் வந்தேன். தூர் வாரி முடித்ததாகப் பலகை நிற்கிறது. பலகைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் ஆள் உயரம். படம் எடுத்துப் பேப்பருக்கு அனுப்பி என்ன செய்ய? வேலை எடுத்த செந்தமிழன் எங்கள் ஒன்றியச் சேர்மனின் மச்சான். ஊருக்கே தெரியும், பேர் போட்டுச் சொல்ல ஆளில்லை. சேர்மனையே கேட்டேன். "செந்தமிழனா? அவரு யாருன்னே எனக்குத் தெரியாதும்மா."

ஆகஸ்ட் 21, வியாழன்
தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வரவில்லை, சேர்மனின் ஆள்தான் வந்திருக்கிறான். எனக்காக மனுவில் கையெழுத்துப் போட்ட பச்சைமுத்து அண்ணன் வீட்டுக்கு. அவர் நிலம் கடைமடையில். மழைக்குள் ஏரியை வெட்டாவிட்டால் இந்த வருஷமும் நடவு இல்லை. "மனுவ வாபஸ் வாங்குன்றான். இன்னாம்மா, நீ எழுதுவியா மாட்டியா?"
எழுதியாயிற்று அண்ணா. போடத்தான் மாட்டேன் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்
எடிட்டர் தங்கராசு சார் மறுபடியும் அதே பாட்டு: "மச்சான்னு எழுதினா கேஸ் போடுவாங்க. ஆதாரம் இருக்குதா?" பெண்டாட்டியின் தம்பி என்று சர்ட்டிஃபிகேட்டா கொடுப்பார்கள்? மதியம் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 29
ஒன்றும் நடக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்
செஞ்சி பஸ் ஸ்டாண்டு முழுக்க ஃபிளெக்ஸ். சேர்மன் மகளுக்குக் காதணி விழா. பஸ் வராத கடுப்பில் ஒவ்வொன்றாகப் படித்தேன். குழந்தைக்குப் பக்கத்தில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு — செந்தமிழன்! கீழே கொட்டை எழுத்தில் 'தாய்மாமன்'.
அடப்பாவிகளா! எதை மறைத்தாலும் தாய்மாமனை மறைக்க முடியுமா? பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்த வேறு யார்? படம் போடாமல் விட்டால் சீர்த்தட்டோடு கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவானே! பஸ் ஸ்டாண்டிலேயே சிரித்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி
"ஃபிளெக்ஸ் யாரு வேணா அடிக்கலாம்மா. அது ஆதாரமா?" என்றார் எடிட்டர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.
"நம்ம பேப்பர்ல நேத்து மூணாம் பக்கம் பாத்தீங்களா சார்? சேர்மனே கொடுத்த விளம்பரம். தாய்மாமன் பேரோட."
பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அனுப்பு" என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்
நேற்று செய்தி வந்துவிட்டது. என் பேர் இல்லை. போகட்டும்.
இன்று பஸ் ஸ்டாண்டில் எல்லா ஃபிளெக்ஸிலும் தாய்மாமன் முகத்தை மட்டும் கத்தரித்திருக்கிறார்கள். ஓட்டை வழியாகக் கோட்டை மலை தெரிகிறது.
சாயங்காலம் பச்சைமுத்து அண்ணன் போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல். "ஏரில பொக்லைன் எறங்கிட்ச்சும்மா! யாரு அனுப்புனாங்கன்னு கேட்டா, ஒருத்தனும் பேர் சொல்ல மாட்றான்."