தட்டு குடிக்குமா?

கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்தது. "எட்டாம் வகுப்பு அறிவியல்ல கோட்டைவிட்ட மனுஷன் பிள்ளைக்கு என்னத்தச் சொல்லித் தருவாரு? அவளையும் அக்கா வீட்டுக்கே அனுப்பிடுங்க, நான் படிக்க வச்சுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். கோட்டைவிட்டது உண்மைதான். இரண்டு தடவை என்பதை எழுதாமல் விட்டதற்கு நன்றி.

நேற்று மழை விட்டு வெயில் அடித்தது. நம் மகள் என் தையல் மேசையில் இருந்த சாக்பீஸை எடுத்துப் போய், வாசலில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிக் கோடு போட்டாள். மத்தியானம் பார்த்தால், தண்ணீர் கோட்டுக்கு உள்ளே வெகுவாகச் சுருங்கிக் கிடந்தது.

"தண்ணி எங்கேப்பா போச்சு?"

"தரை குடிச்சிருச்சும்மா" என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி.

அவள் எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தாள். சாயங்காலம் பாதிதான் இருந்தது.

"ஏம்ப்பா, தட்டு கூடவா குடிக்கும்?"

நான் திருதிருவென்று விழித்தேன். அவளே சொன்னாள்: "ஈரத்துணி காயுற மாதிரிதான்ப்பா. வெயில்ல ஆவியாப் போயிருக்கு."

அவள் எடுத்தது உன் தட்டு. "அம்மா போனதுலேர்ந்து சும்மாதானே கிடக்கு" என்றாள்.

உன் அக்கா வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அங்கே இவள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இங்கே தப்பாகச் சொல்ல நான் இருக்கிறேன், அதைக் கையும் களவுமாகப் பிடிக்க அவள் இருக்கிறாள். பெண்ணை அனுப்ப மாட்டேன். தட்டையும் அனுப்ப மாட்டேன். வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
இரண்டு தடவை, இப்போது மூன்றாவது தடவையும் கோட்டைவிட்ட
உன் வீட்டுக்காரன்