கூலண்ட் தொட்டியும் மரகதத்தின் கருவாடும்

ரமழான் 19
கடும் வெயில். வாத்தியார் வேலையில் ஓய்வுபெற்றபின் வீட்டுப் பின்பக்கம் போட்ட லேத் மெசினைத் தார்ப்பாயால் மூடி மூன்றாவது வாரம். நோன்போடு நின்று இரும்பு கடைய உடம்பு விடாது. சூடு தணிக்கும் கூலண்ட் நீரை இறைக்கும் பம்பும் ஓய்வில். நோன்புக்கு முன் அது ஓடிய அழகு! வெட்டும் முனைமேல் பால்போல் கொட்டும்; கீழ்த்தொட்டியில் விழும்; பம்ப் திரும்ப மேலே ஏற்றும். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஈரத்துணி போடுவது மாதிரி.

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தால் நாற்றம். அழுகிய முட்டை போல. மனைவி ஜெமீலா மூக்கைப் பொத்திக்கொண்டு, "கருவாடுதான். வேற என்ன?" கடற்பக்கத்து அடுத்த வளவில் மரகதம் பரண் போட்டு மீன் காயவைக்கிறார்.

ரமழான் 21
மதிலோரம் நின்று மரகதத்திடம் நாற்றத்தைப் பற்றிச் சொன்னேன். பக்குவமாக, உதாரணத்தோடு. ஒரு அறையில் அத்தர் போத்தலைத் திறந்தால் மற்ற அறைக்கும் போகுமே, அப்படி.

"நல்ல மீன் சேர். உப்பும் கணக்காத்தான் போட்ட."

"காத்து கொண்டுவருது மரகதம்."

யோசித்தார். "சேர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நோன்பு நாளும். நான் கடற்கரை மீன்வாடிக்குக் கொண்டுபோறன்."

சண்டையில்லாமல் முடித்தேன் என்று பெருமை.

ரமழான் 26
முந்தாநாள் இரவு மழை. கடற்கரை வாடியில் கூரை போதாதாம். மரகதத்தின் மீன் நனைந்து புழு வைத்து, குழிதோண்டித் தாட்டார்களாம்.

சந்தையில் பேச்சு: "சேர்ர வீட்டுக்காரரே மூக்கப் பொத்துற கருவாடு, ஆர் தின்ற?" இது சந்தைக்கு எப்படிப் போனது என்று ஜெமீலாவிடம் கேட்டேன். அவள் அரிசி புடைப்பதில் மும்முரம்.

நாற்றம் இன்னும் போகவில்லை. மண்ணில் ஊறியிருக்கும் என்று எனக்கு நானே விளக்கம்.

ஷவ்வால் 3
பெருநாள் ஆரவாரம் ஓய்ந்தது. தார்ப்பாயை எடுத்தேன். பம்பைப் போட்டதும், யா அல்லாஹ், அதே நாற்றம். சேர்ட், கை, சுவர் எல்லாம் தெறித்தது.

தொட்டியில் கறுத்த எண்ணெய்ப் படை. லேத்திலிருந்து ஒழுகியது. மூடி போட்டதுபோல் காற்றை அடைத்திருக்கிறது. ஓடாமல் கிடந்த கூலண்ட் அடியில் அழுகியிருக்கிறது.

இன்னும் மோசம்: சஹர் நேரம் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். எத்தனை வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படிப்பித்திருப்பேன்! கடற்பக்கம் இருக்கும் மரகதத்தின் கருவாட்டு நாற்றம் எனக்கு எப்படி வரும்? என்னுடையதுதான் அவருக்குப் போயிருக்கிறது. தன் மீன் என்று நம்பி மணந்துகொண்டிருந்திருக்கிறார்.

ஜெமீலா: "கழுவி விடுங்க. ஆருக்குத் தெரியப்போகுது?"

அந்த யோசனை அவளுக்கு முன்பே எனக்கு வந்துவிட்டது. வெட்கம்.

ஷவ்வால் 4
மேகமூட்டம். சொல்லிவிட்டேன். மரகதம் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப என்ட மீன் நாறல்ல."

"இல்ல."

"உப்புப் போடத் தெரியாதவன் எண்டு மருமகனப் போட்டு ஏசினன் சேர். ரெண்டு நாள் சோறு தின்னல்ல அவன்."

மன்னிக்கச் சொன்னேன்.

"என்னட்டச் சொல்லி என்ன? சந்தைக்கு வாங்க. அங்கதான் என்ட பேர் நாறுது."

இஃப்தாருக்கு வைத்திருந்து மிஞ்சிய பேரீச்சம்பழம் கொண்டுபோயிருந்தேன். கொடுக்கக் கை வரவில்லை. திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஷவ்வால் 6
சந்தை. நல்ல கூட்டம். பழைய மாணவர் ஒருவரைக் கண்டு, தொப்பியைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்தேன்.

மரகதம் கருவாடு பரப்பியிருந்த சாக்குக்குப் பக்கத்தில் நின்றேன். முதல்முறை சொன்னது பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை. வகுப்பில் கடைசி வாங்குவரை கேட்கும் குரல்தான் என்னுடையது. மறுபடி: "நாத்தம் என்ட மெசின்ல இருந்து வந்தது. மரகதத்துட கருவாடு இல்ல. பிழை என்னில."

எதிரே இருந்த கருவாட்டுக்காரி: "என்ன சேர், உங்கட மெசினும் கருவாடு போடுதோ?"

சிரிப்பு. நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. மரகதமும் சிரிக்கவில்லை. நழுவப் பார்த்தேன். மரகதம் விடவில்லை.

"போகாதீங்க சேர். பிறகு வாறவங்களும் கேக்கட்டும்."

நின்றேன். ஒரு பெண் நெத்தலியை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். நான் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.