பன்னீர் சீசாவை எடுத்துப் போகிறேன்

சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். கயத்தாற்றில் என் கூடப்பிறந்த லாத்தா வீட்டுக்குப் போகிறேன், நாளை மதியம் வருவேன். வெளியே போகும்போது சாவியை எதிர்வீட்டுச் சீனித்தாயிடம் கொடுங்கள்.

இன்று காலை பார்த்துவிட்டேன். என் முன்னால் கண்ணில் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு, நான் அடுப்படிக்குத் திரும்பியதும் கொல்லையில் நின்று பன்னீரால் கழுவுகிறீர்கள். மூன்று மாதமாக இதுதானா? மதுரை டாக்டர், "மருந்து விட்டும் கண்ணில் அழுத்தம் குறையவில்லையே" என்று குழம்பியது இதனால்தானே!

மருந்து விட்டால் கண் எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, சிவக்கிறது. தெரியும். ஆனால் நீங்கள் கழுவியது எரிச்சலுக்காக இல்லை. நம் கடையில் வைத்து அந்தப் போலீஸ் ஏட்டு, "என்ன பாய், கண்ணு இப்படிச் செவந்திருக்கு, சரக்கு எங்கன கிடைக்குது?" என்று கேட்டு எல்லாரும் சிரித்தார்களே, அதற்காக. ஐந்து வேளை தொழுகிற மனிதருக்கு அது எப்படிச் சுட்டிருக்கும்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

பன்னீர் சீசா என்னோடு வருகிறது. அது இருந்த இடத்தில் மருந்துக் குப்பி இருக்கிறது. கடைக்கு எடுத்துப் போய், கடலை மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, அந்த ஏட்டு பார்க்கவே கண்ணில் விடுங்கள். குடிகாரன் பெண்டாட்டி என்று ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். உங்களை நான் கை பிடித்துக் கடைக்குக் கூட்டிப் போகிற நாள் வர வேண்டாம்.

ஜுலைகா

எழுத்தைப் பெரிதாக எழுதியிருப்பது கோபத்தால் இல்லை.