கர்ப்பூரப் பெட்டியின் வயது

மருதமுனை,
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு.

றுஸ்தாவின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். நீங்கள் சீனி வருத்தத்துக்கு மருந்தை ஒழுங்காகக் குடிப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போன் எடுத்தால் உங்களுக்குப் பக்கத்தில் அறைக் கூட்டாளிகள், எனக்குப் பக்கத்தில் பிள்ளைகள். அடுத்த வீட்டு ஷிப்லி நாளை கத்தாருக்குத் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

ஸில்மியாவின் மாப்பிள்ளை வீட்டார் இறக்காமத்திலிருந்து வந்து நாள் பேசினார்கள். யானை இறங்கி வயலில் பாதியை மிதித்துவிட்டதாம், கொஞ்சம் தவணை கேட்டார்கள். நோன்புப் பெருநாள் கழிய வைப்போம் என்று ஒத்துக்கொண்டேன். கலியாணச் சாறி தறியில் இருக்கிறது. கரை நானே நெய்கிறேன்.

இனி எழுத வந்த விசயத்துக்கு வருகிறேன். உங்கள் கர்ப்பூரப் பெட்டியைப் பற்றியது.

என்னைக் கலியாணம் முடித்து நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் ஸில்மியா, பின்னால் லொறியில் அந்தப் பெட்டி. மூடியிலும் முன்பக்கத்திலும் பாய்க்கப்பல், மூங்கில், பாலத்தில் நிற்கும் மனிதர்கள் என்று இடைவெளி விடாமல் கொத்திய சீனத்துப் பெட்டி. சுனாமியில் ஸில்மியாவைப் பெற்ற உம்மா, சித்தி லைலா மௌத்தானதும், வீடு அள்ளுண்டு போனதும், இது மட்டும் பெரிய றோட்டுக்கு அப்பால் வயல் சேற்றில் கிடந்ததும் ஊருக்கே தெரியும். அன்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "இது லைலாட மூத்தவாப்பா சீனாவில இருந்து கொண்டாந்த சாமான், பஸ்மினா. நூறு வருசத்துக்கு மேல. அவட பாட்டன் வழிக் குடும்பச் சொத்து, நாம இதுல கை வைக்க ஏலா."

நானும் கை வைக்கவில்லை. அதற்குப் பூட்டுக் கிடையாது, ஆனாலும் ஒரு தரமேனும் திறக்கவில்லை. அவரின் சாறிகள் மடிப்புக் குலையாமல் உள்ளே இருக்கும் என்று நினைத்துக்கொண்டே அதைச் சுற்றிக் கூட்டினேன். என்னிடம் சாறி வாங்க வரும் பெண்களும் முதலில் அந்த மூடியைத்தான் தடவி, அதன் கதையைக் கேட்பார்கள். "லைலா பரம்பரைக்காரியெல்லோ" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போவேன். மௌத்தானவர் மீது பொறாமை என்று யாரிடம் சொல்ல முடியும்? இன்று உங்களிடமே சொல்கிறேன். ஓம், பொறாமைதான்.

போன மாதம் தம்பிலுவில் ஊர்க் கனகேஸ்வரி சாறி எடுக்க வந்தார். கொழும்பில் பழைய தளபாடங்களை வாங்கி விற்கும் இடமொன்றில் வேலை. பெட்டியைக் கண்டதும் அருகில் குந்திவிட்டார். "இதுக்கு எத்தின வயசு எண்டு சொல்லேலுமா?" என்று கேட்டேன். அது பழையதாக இருக்கக்கூடாது என்று என் மனது துஆச் செய்ததை அல்லாஹ் அறிவான்.

மூடியைத் திறந்து, பொலிஷ் படாத உள்விளிம்பை நகத்தால் சுரண்டி மணந்தார். நான் உள்ளே பார்க்காமல் யன்னலைப் பார்த்தேன். "மரம் நல்ல கர்ப்பூர மரம்தான் அக்கா, அதில பிழையில்ல. ஆனா நூறு வருசமெண்டு சொல்லேலா" என்றார். அந்தக் காலத்துக் கப்பல் பெட்டிகள் அநேகமாக வெறும் பலகைதானாம், மூலைகளுக்குப் பித்தளை அடித்திருக்குமாம். இப்படி நிறையக் கொத்தியவை பிற்காலத்தில் வெளிநாட்டாருக்கு விற்கச் செய்தவையாம். பிறகு மூடிப் பிணைச்சலின் திருகாணி ஒன்றைக் கழற்றிக் காட்டினார். தலையில் சிலுவைபோல வெட்டு. "பழசெண்டா ஒரு கோடுதான் இருக்கும். ஆனா ஆணிய ஆரும் மாத்தியிருக்கலாம்" என்று சொல்லி, அந்த இடத்தில் வேறு பழைய துளை உண்டா என்று டோர்ச் அடித்துத் தேடினார். இல்லை. கடைசியாக நாங்கள் இருவரும் பெட்டியைச் சரித்தோம். அடிப்பலகை பிளைவூட்.

"கறுத்துப் போயிருக்கிறதப் பாத்துத்தான் எல்லாரும் ஏமாறுற. அது வயசில்ல அக்கா, கடல் தண்ணி. என்ர கணக்குக்கு எண்பதுகள், தொண்ணூறுகளில செய்த சாமான்."

அவர் போன பிறகு நான் தறியடியில் இருந்து பைத் பாடினேன். றுஸ்தா வந்து, "என்ன உம்மா, இண்டைக்குப் பாட்டெல்லாம்?" என்று கேட்டாள். பரம்பரையும் இல்லை, சீனத்து மூத்தவாப்பாவும் இல்லை. இந்தப் புதினத்தை யாருக்காவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கலியாணத்துக்குச் சொல்லும் சாட்டில் சித்தி லைலாவின் மூத்த சகோதரி ஆமினா உம்மாவிடம் போனேன். போய், "உங்கட மூத்தவாப்பாட பெட்டி நேத்துச் செய்ததாமே" என்று சிரித்தேன்.

ஆமினா உம்மா என்னை விளங்காமல் பார்த்தார். "எந்த மூத்தவாப்பா? அவர் சம்மாந்துறைக்கு அங்கால போகல்லயே! அது உன்ட புருசன் றஸாக் தம்பி கப்பல்ல வேல செய்யக்குள்ள ஹொங்கொங்கில எடுத்தெல்லோ. லைலாக்கெண்டு கடை கடையாப் பாத்து எடுத்தாராம். கொழும்பில இருந்து பஸ்ஸுக்கு மேல ஏத்திக் கொண்டாந்து இறக்கக்குள்ள இந்தத் தெருவே கூடிட்டு. ஏன் மகள், உனக்குச் சொல்லல்லயா?"

"ஓம், ஓம், சொன்னவர்தான். நான் மறந்திட்டன்" என்றேன். வேறென்ன சொல்வது? கல்முனைப் பக்கம் போன ஓட்டோவை மறித்து ஏறினேன். வீடு மறுபக்கம் என்பதே கல்முனைச் சந்தை தெரிந்த பிறகுதான் உறைத்தது.

பரம்பரைச் சொத்து என்றால் அது அவரின் குடும்பத்துப் பெருமை, அதைப் பொறுத்துக்கொண்டேன். கடை கடையாகப் பார்த்து எடுத்தது உங்கள் ஆசை. நான் பொறாமைப்படக்கூடாது என்றுதான் பொய் சொல்லியிருப்பீர்கள். கத்தாரிலிருந்து எனக்கு நீங்கள் அனுப்புவதெல்லாம் கூட்டாளி தன் மனைவிக்கு எடுத்ததில் இன்னொன்று. அதே நிறம், அதே அபாயா.

அன்றே கனகேஸ்வரிக்குப் போன் போட்டு, பெட்டியை எடுத்துப் போகச் சொன்னேன். மறுநாள் காலை லொறி வந்துவிட்டது. உள்ளே இருப்பதை வெளியே எடுக்க நான் மாட்டேன் என்று ஸில்மியாவைக் கூப்பிட்டேன். அவள் மூடியை உயர்த்தினாள். உள்ளே அவளின் ஒரு சின்னச் சட்டையும் நீங்கள் இடுப்பில் கட்டிய பழைய சாரமும் மட்டும் கிடந்தன. சாறி ஒன்றும் இல்லை.

"உம்மாட சாமான் எங்க புள்ள?" என்றேன்.

"எல்லாம் கடலோட போயிட்டே உம்மா. பெட்டி திறந்தபடிதான் கிடந்ததாம்" என்றாள். பிறகு மெதுவாக, "எனக்கு அவட முகம் ஞாபகமில்ல. இதப் பாத்துத்தான் அவவ நினைக்கிற. நீங்க விக்கிறெண்டா வித்திடுங்க, நான் ஒண்டும் நினைக்க மாட்டன்" என்றாள். சொல்லிக்கொண்டே அந்தச் சட்டையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

லொறிக்காரரைத் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். கனகேஸ்வரி கோபிக்கவில்லை, உப்புக் கறைக்கு எந்த எண்ணெய் பூசலாம் என்று சொல்லித் தந்தார். பெட்டியை இப்போது நானும் ஸில்மியாவும் துடைக்கிறோம். அது அவளோடு இறக்காமம் போகும். என் பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். துடைக்கும்போதும் கை சில இடத்தில் நின்றுவிடுகிறது.

நிக்காஹ்வுக்கு நீங்கள் வர ஏலாவிட்டால் வேறொருவருக்குப் பொறுப்புக் கொடுக்கலாம் என்று மௌலவி சொல்கிறார். வேண்டாம். லீவு தராவிட்டால் அந்த வேலையை விட்டுவிட்டாவது வாருங்கள். அவளின் கையைப் பிடித்துக் கொடுக்க அவளுக்கு வாப்பா வேண்டும். பெட்டியின் சரியான கதையையும் அவளிடம் நீங்களே சொல்லுங்கள், நான் அறையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

அல்லாஹ் உங்களை நோய் நொடியில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீங்கள் வரும் ஒவ்வொரு தரமும், எனக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், வீண் செலவு என்று சொல்லுவேன். இந்த முறை அப்படிச் சொல்லவில்லை.

உங்கள்
பஸ்மினா