நீ உருவாக்கிய நோயாளி

நேற்று கல்லூரியில் எங்களுக்கெல்லாம் ஒரு பயிலரங்கு. செயற்கை நுண்ணறிவைப் பாடத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று கோலாலம்பூரிலிருந்து ஓர் இளைஞர் வந்து சொல்லிக்கொடுத்தார். அறையில் குளிர் அதிகம். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் நெற்றிப்பொட்டில் மருந்தெண்ணெய் தேய்த்துக்கொண்டார். அந்த வாசனை வந்ததும் திரையில் இருந்த எதுவும் எனக்குத் தெரியவில்லை. பதினான்கு வருடம் பக்கத்து மேசையிலிருந்து, உன்னிடமிருந்து வந்த வாசனை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

"கணினியை நோயாளியாக நடிக்கச் சொல்லுங்கள், மாணவர்கள் கேள்வி கேட்கட்டும்" என்றார் அந்த இளைஞர், ஏதோ புதிய விஷயம்போல. நம் தாதியர் வகுப்பில் நீ அதை எப்போதோ செய்துவிட்டாய். ஏன் செய்தாய் என்பதை எழுந்து சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

பிரியா. சுங்கை ரம்பாயிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்த இரண்டாம் ஆண்டு மாணவி. வகுப்பில் வாயே திறக்காதவள். படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பராமரிப்பது பற்றி அவள் கொடுத்த அறிக்கை பிழையே இல்லாத ஆங்கிலத்தில் இருந்தது. சோதிக்கும் மென்பொருளில் போட்டேன். இயந்திரம் எழுதியது என்று பக்கம் முழுக்கச் சிவப்பாகக் காட்டியது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குக் கடிதம் தயார் செய்தேன்.

அதை நீ வாங்கிப் படித்தாய். "வசந்தி, அந்தப் புள்ளைய கூப்புட்டு ஒரு வார்த்த கேட்டியா?"

"என்னத்த கேக்குறது? அதான் காட்டுதே."

"அது காட்டுதுலா. நீ பாத்தியா?"

திருத்த வேண்டிய தாள்கள் இன்னும் ஒரு கட்டு இருந்தன. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். விசாரணைக்கு அவள் வரவில்லை. பிறகு கல்லூரிக்கே வரவில்லை.

நீதான் தேடிப் போனாய். அப்போதே உனக்குச் சிகிச்சை தொடங்கி, முடி கொட்டி, தலையில் துணி கட்டியிருந்தாய். ஒரு சனிக்கிழமை பெம்பானில் உன் வீட்டிலிருந்து நீயே கார் ஓட்டிப் போயிருக்கிறாய். திங்கட்கிழமை என் மேசையில் ஒரு பள்ளிக்கூட நோட்டை வைத்தாய். முழுக்கத் தமிழ். முடங்கிக் கிடந்த தன் அப்பாவைப் பற்றி அவள் தினமும் எழுதி வந்த குறிப்புகள். 'குதிகால் சிவந்திருக்கிறது. தேய்க்கவில்லை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூக்கி வைத்தேன். வலிக்கவில்லை என்று அப்பா பொய் சொன்னார்.' இதை ஆங்கிலமாக்கத்தான் அவள் இயந்திரத்திடம் போயிருக்கிறாள். முதலாம் ஆண்டில் அவளுடைய ஆங்கிலத்தை எல்லார் முன்னாலும் நிறுத்தி நிறுத்தித் திருத்தியது நான்தான்.

நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நோட்டை எடுத்துக்கொண்டு குழுவிடம் ஓடினேன். மேல்முறையீட்டுக்கான கெடு முடிந்துவிட்டது என்றார்கள். அதற்குள் அவள் புக்கிட் ரம்பாய் என்ற இன்னோர் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

அவளிடம் அனுமதி கேட்டு, பெயரை மட்டும் மாற்றி, அந்த அப்பாவைத்தான் நீ நோயாளியாக்கினாய். வலியை மறைக்கிறவர், பொறுமையாகக் கேட்டால்தான் உண்மை சொல்வார் என்று இயந்திரத்துக்கு எழுதிக் கொடுத்தாய். மாணவர்கள் அவசரப்பட்டால் "சிக்கிட் சாஜா, கொஞ்சந்தான், ஒண்ணுமில்ல" என்று திரையில் பதில் வரும். கடைசியில் பராமரிப்புத் திட்டத்தையும் அதையே எழுதச் சொல்லி, அதிலுள்ள தப்பை மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்வாய். ஒருநாள் அது சிவந்த குதிகாலைத் தேய்த்துவிடச் சொன்னது. பாதிப் பேர் அப்படியே எழுதிக்கொண்டார்கள். நிற்க முடியாமல் நாற்காலியில் இருந்தபடியே நீ சொன்னாய்: "இவருக்குத் தேச்சா ஒண்ணும் ஆவாது. இவருக்குத் தோலே கெடையாது. வார்டுல படுத்திருக்கிறவருக்குப் புண்ணாயிடும்."

அதுதான் நீ பாடம் எடுத்த கடைசிப் பருவம்.

உன் இறுதிச் சடங்குக்குப் பிரியா தொழிற்சாலைச் சட்டையோடு வந்திருந்தாள். நான் அவளிடம் போனேன். "எல்லாம் என்னால வந்ததும்மா. திரும்பச் சேந்துக்க. நான் எழுதித் தரேன்."

"அப்பா போன மாசம் போயிட்டாரு மிஸ்," என்றாள். "இவங்க ரெண்டு தடவ வீட்டுக்கு வந்து அவர பாத்தாங்க. நீங்க என்னைய ஒரு தடவ கேட்டிருந்தா போதும்."

கோபமே இல்லாத குரல். கம்பெனி வேன் வந்துவிட்டது என்று போய்விட்டாள்.

இப்போது உன் வகுப்பை நான் எடுக்கிறேன். அந்த நோயாளியைக் கணினியில் நான்தான் திறக்கிறேன். அவர் வலியில்லை என்று சொல்லும்போது மாணவர்களோடு சேர்ந்து நானும் காத்திருக்கிறேன். சோதிக்கும் மென்பொருளைத் தொடுவதில்லை. சந்தேகம் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு, எப்படி எழுதினாய் என்று கேட்கிறேன். சிலர் உண்மையைச் சொல்லி அழுகிறார்கள். சிலர் பொய் சொல்கிறார்கள். எல்லாருக்கும் நேரம் கொடுக்கிறேன். நல்ல மிஸ் என்று வெளியே பேசிக்கொள்வது என் காதில் விழுகிறது. எதிரே வந்து உட்காரும் யாரும் பிரியா இல்லை.