கனகசெட்டிக்குளம் விடுபட்ட ஊர்ப்பட்டியலும் மாணவி கலைவாணியின் விண்ணப்பமும்

அனுப்புநர்:
ஈனெஸ் பால்,
பிரவுசிங் சென்டர் நடத்துபவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
ஒருங்கிணைப்பாளர் அவர்கள்,
செவிலியர் பட்டப்படிப்புச் சேர்க்கைக் குழு,
புதுச்சேரி.

பொருள்: இணைய விண்ணப்பத்தில் ஊர்ப்பெயர் இல்லாததால் உள்ளூர் மாணவி வெளிமாநிலத்தவராகச் சேர்க்கப்பட்டது – வெள்ளிக்கிழமைக்குள் திருத்த வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. புதுச்சேரி எல்லைக்குள் உள்ள கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்கும் சின்னப்பொண்ணு என்பவரின் மகள் கலைவாணி, பன்னிரண்டாம் வகுப்பில் 1,064 மதிப்பெண் பெற்றவள். கடந்த மே 30 அன்று தாயும் மகளும் என் கடைக்கு வந்தார்கள். விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. அந்த விண்ணப்பத்தில் ஊர்ப்பெயரை நாமாகத் தட்டச்சு செய்ய வழியில்லை. தங்கள் கணினிப் பதிவேட்டில் உள்ள ஊர்கள் வரிசையாகக் கீழே விரியும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வரிசையில் கனகசெட்டிக்குளம் இல்லை. மூன்று முறை பக்கத்தை மூடித் திறந்தேன். வேறு கணினியிலும் பார்த்தேன். இல்லை. ஊரைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை.

3. உதவி எண்ணுக்குப் பேசினேன். கடைசியில் ‘மற்றவை’ என்று இருக்கும், அதைப் போடுங்கள், சான்றிதழ் பார்க்கும்போது திருத்திக்கொள்ளலாம் என்றார் எடுத்தவர். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாதது என் தவறு. விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். ‘மற்றவை’ போட்டேன்.

4. நேற்று தரவரிசை வெளியானது. கலைவாணி வெளிமாநிலத்தவர் பட்டியலில் இருக்கிறாள். அவளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற உள்ளூர் மாணவிகளுக்கு அழைப்பு வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. இன்று காலை குடியிருப்புச் சான்றிதழோடும் ரேஷன் அட்டையோடும் மூவரும் தங்கள் அலுவலகம் வந்தோம். ‘மற்றவை’ என்றால் வெளிமாநிலம் என்றுதான் பதிவாகும், கணினியில் இருப்பதை மாற்றத் தமக்கு அதிகாரமில்லை என்று கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதையாகவே சொன்னார். சின்னப்பொண்ணு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “எங்க ஊரு வெளிமாநிலம்னா, எங்களுக்கு ரேஷன் கார்டு குடுத்தது யாரு சார்?” அவர் சான்றிதழையும் அட்டையையும் எங்களிடமே திருப்பிக் கொடுத்தார்.

5. அம்மையீர், விண்ணப்பத்தை அனுப்பும் முன் அந்தப் பெண் தயங்கி, “மற்றவைன்னா பரவால்லையா அக்கா?” என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்று நான்தான் தைரியம் சொன்னேன். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அவள் தாயோ, “நீ வேணும்னேவா செஞ்ச?” என்று என்னைத் தேற்றுகிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6. பதிவேட்டில் அந்த ஊர்ப்பெயரைச் சேர்த்தால் விண்ணப்பத்திலும் அது தானாக வந்துவிடும். அதே ஊரிலிருந்து இன்னும் எத்தனை பேர் ‘மற்றவை’யில் சிக்கியிருக்கிறார்களோ, அறியேன். கலைவாணியை உள்ளூர்ப் பட்டியலில் சேர்த்து, கலந்தாய்வுக்கு அழைக்குமாறு மன்றாடிக் கேட்கிறேன். தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட எங்கு அழைத்தாலும் வருகிறேன். கலந்தாய்வு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. சனிக்கிழமை திருத்தினாலும் பட்டியல் சரியாகிவிடும். அவளுக்குத்தான் இடம் இருக்காது.

தங்கள் அலுவலக வாசலில் காத்திருக்கும்,
ஈனெஸ் பால்
(ஒப்பம்)

இடம்: புதுச்சேரி
நாள்: 24.06.2008

இணைப்பு: மதிப்பெண் பட்டியல், குடியிருப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை நகல்கள், ஊர் வரிசை முழுவதும் தெரியும்படி எடுத்த அச்சுப் பக்கங்கள்.